பாம்புப் படம் முடிந்த பிறகு

நேற்று மத்தியானம் உன் பெட்டியைப் போட்டேன். மூன்று மாதமாகப் பழைய சேலைத் துண்டு ஒன்றைப் போட்டு மூடி வைத்திருந்தேன். சுவிட்சைத் தட்டியதும் உள்ளே காற்றாடி முதலில் ஒரு முனகல் முனகிவிட்டு, பிறகு மனமில்லாமல் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்தது. சூடேறிய தூசியும், எறும்பு ஏறாமலிருக்க நீ பெட்டிக்குள் போட்டு வைத்த கிராம்பும் சேர்ந்த வாசனை. அந்தக் கிராம்பே நான் வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்ததுதான். உன் வீட்டுக்குள் நுழைந்தாலே மூக்கில் ஏறும் அது. நான் சட்டென்று அடுக்களைப் பக்கம் திரும்பி, "சாயா போடவா?" என்று கேட்டுவிட்டேன். பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது என்பதும், கேட்க நீ இல்லை என்பதும் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தன.

பெட்டி என்றுதான் நாம் இருவரும் சொல்வோம். உன் மகள்தான் அதைப் பெருமையாக 'சர்வர்' என்பாள். ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் வயிற்றுக்குள் நாலு ஹார்டு டிஸ்க். அதிலிருந்து உன் டிவிக்கு ஒரு வயர். நமக்கு நடுவிலிருந்த சுவரை நீயே உளியும் சுத்தியலுமாக இரண்டு நாள் குடைந்து போட்ட ஓட்டை வழியாக என் வீட்டுக்கு இன்னொரு வயர். கொச்சி மட்டாஞ்சேரியில் வேறு எந்த லைன் வீட்டிலும் இப்படி ஒரு வசதி இருந்திருக்காது. உன் வீட்டில் இருக்கிற எந்தப் படத்தையும் என் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு பார்க்கலாம். பார்த்தேனே, எத்தனை வருடம்.

அந்தப் பெட்டியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கிளம்பி நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரர் நடக்கிற, சிரிக்கிற, பேசுகிற பத்து நிமிடம் இந்த உலகத்தில் அந்தப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. அதை அழித்தவள் நான். இதை உன்னிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது இன்னொன்று. நீ இருந்தபோது அது எனக்கே தெரியாது. தெரிந்தபோது நீ இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். தபாலில் போட முடியாத கடிதத்துக்கு இத்தனை முன்னுரை எதற்கு என்று நீ கேட்பாய். எதையும் முறையாக ஆரம்பிக்காவிட்டால் எனக்குக் கை ஓடாது. அதுவும் உனக்குத் தெரியும்.

உன் அப்பாவும் என் அப்பாவும் தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்த ஊர் வீதிகளைப் பெருக்கியவர்கள். அவர்களுக்குக் கொடுத்த லைன் வீடுகளில் உனக்கும் எனக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். உன் வீட்டில் கடுகு வெடித்தால் என் வீட்டில் தும்முவேன். நான் பத்தாவது தேறி, டைப்பிங் படித்து, பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் அடைந்து கிடக்கும் கிடங்கில் கிளார்க் ஆனேன். நீ கல்யாணம் செய்துகொண்டு, முன்னறையில் வீடியோ கேசட் வாடகைக் கடை போட்டாய். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றி நாம் இருவரும் பேசிச் சிரித்து முடித்துவிட்டோம்.

"எடீ கிளார்க்கே, நீ செத்தா ஒன்ன ஃபைல்ல வச்சுத்தான் கெட்டணும்," என்பாய். என் வீட்டில் தீப்பெட்டிகூட ஒரே திசையில்தான் தலை வைத்துப் படுக்கும். உன் கடையிலோ கேசட் ஒரு பக்கம், அதன் உறை ஒரு பக்கம். உறையில் முருகன் படம் என்று எழுதியிருக்கும், போட்டால் சண்டைப் படம் வரும். வாடகைக்கு எடுத்துப் போனவர்கள் திரும்பி வந்து சண்டை போட மாட்டார்கள். உன் சிரிப்பைப் பார்த்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

உன் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வெலிங்டன் தீவில் கப்பல் சரக்கு இறக்கும் இடத்தில் வேலை. குரல் கொஞ்சம் கரகரப்பு. பேசும்போது கடைசி வார்த்தையை இழுப்பார். உங்கள் கல்யாணத்தை வீடியோ எடுத்தவர் கொடுத்த மூன்று மணி நேர கேசட் உன் அலமாரியில் மேல்தட்டில் இருந்தது. பிறகு ஒரு ஓணத்துக்கு முந்தின வாரம், ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாம்புப் படத்தின் கேசட் ஒரே ஒரு நாளைக்கு உன் கைக்கு வந்தது. இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வெற்று கேசட் இல்லை. எர்ணாகுளம் போய் வாங்கி வர நேரமில்லை. நீ மேல்தட்டைப் பார்த்தாய். நான் அப்போது உன் கடையில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தேன்.

"எடீ, அது ஒன் கல்யாண கேசட்டு," என்றேன்.

"ஆளு இங்க குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்காரு. பின்ன கேசட்டு எதுக்கு?" என்றாய்.

அண்ணன் நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமல், "எடுத்துக்கோ, எடுத்துக்கோ. அடுத்த கல்யாணம் கழிக்கும்போ புதுசா எடுத்துக்கலாம்," என்றார். நீ கையிலிருந்த துடைப்பத்தால் அவர் காலில் ஒன்று போட்டாய். மூன்று பேரும் சிரித்தோம். கல்யாணத்தின் மேல் பாம்புப் படம் பதிவாகிக்கொண்டிருந்தது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், காலை ஷிஃப்டுக்குப் போன அண்ணன் கேன்டீன் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். உன் மகளுக்கு அப்போது நாலு வயது. வீட்டில் மாட்ட ஒரு நல்ல படம்கூட இல்லாமல், வேலை அட்டையிலிருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினாய். அதில் அவர் யாரோ கடன் கேட்க வந்தவர் மாதிரி முழித்துக்கொண்டிருப்பார். "இது அவரே இல்லடீ," என்று நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்யாண கேசட்டைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அது போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போகவில்லை என்பது உனக்கு மட்டும் தெரிந்திருந்தது. கேசட் மூன்று மணி நேரம். பாம்புப் படம் அதைவிடப் பத்து நிமிடம் சிறியது. படம் முடிந்து திரை ஒரு தடவை வெட்டி வெட்டி இழுத்த பிறகு, அடியில் கிடந்த கல்யாணத்தின் வால் துண்டு அப்படியே இருந்தது. பந்தி முடியும் நேரம், அண்டா கழுவுகிற சத்தம், அதற்கு நடுவில் அண்ணன். இதை எப்போது கண்டுபிடித்தாய் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றும் தெரியாது. சொல்லியிருந்தால் நான் அதற்கொரு லேபிள் ஒட்டி, பத்திரமாக நாலு பிரதி எடுத்து, நாலு இடத்தில் அடுக்கி வைத்திருப்பேன். ஒருவேளை அதனாலேயேதான் நீ சொல்லவில்லையோ என்னவோ.

பிறகு கேசட் காலம் போய், குறுந்தகடு காலம் வந்து, நீ கடையை மூடினாய். காயல் காற்றில் கேசட்டுகளுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. மகள் பள்ளியில் கற்றுக்கொண்டு வந்ததை உனக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒரே மாதத்தில் நீ அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாய். பழைய வீடியோ பிளேயரைக் கம்ப்யூட்டரில் மாட்டி, மீதியிருந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு உள்ளே ஏற்றினாய். மூன்று மணி நேர கேசட்டை ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும். படம் முடிந்த பிறகும் ஓடவிடுவாய். "வெறும் புள்ளியும் கோடுமா ஓடுது, நிறுத்தக் கூடாதா? இடம் அடைக்குதுல்ல," என்று நான் கத்துவேன். "கெடக்கட்டும்டீ, அதுக்கு என்ன சோறா போடப் போறோம்," என்பாய்.

உன் ஃபோல்டர்களைப் பார்த்த முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது. உனக்கும் எனக்கும் தமிழ் பேசத்தான் தெரியும். எழுதப் படிக்க மலையாளம்தான் வரும். இந்தக் கடிதத்தில்கூட நம் தமிழை மலையாள எழுத்தில்தான் எழுதுகிறேன். பெட்டியில் நீ இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தாய். மழை என்று ஒரு ஃபோல்டர். தகரக் கூரையில் மழை கொட்டும்போதும் வசனம் காதில் விழுகிற மாதிரி எல்லாரும் கத்திப் பேசும் படங்கள் அதில். துணி மடிக்க என்று ஒன்று. திரையைப் பார்க்காமலே கதை புரியும் படங்களாம். காய்ச்சல் என்று ஒன்று இருந்தது, அதில் எல்லாம் சிரிப்புப் படம். கிளார்க் என்றும் ஒன்று வைத்திருந்தாய். அதில் கடைசி ரீலில் கெட்டவன் மாட்டிக்கொண்டு, திருடுபோனதெல்லாம் திரும்பக் கிடைத்து, எல்லாரும் வரிசையாக நின்று சிரிக்கும் படங்கள். "நீ ஒறங்கணும்னா ஒலகம் அடுக்கா இருக்கணும், அதான்," என்றாய். நான் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அந்த ஃபோல்டரில் இருந்த எல்லாப் படத்தையும் பார்த்தேன்.

கடைசியில், உனக்கே உனக்காக, 'எனக்கு' என்று பெயர் போட்ட ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒரே ஒரு படம். அந்தப் பாம்புப் படம். மேலே கோடு ஓடும், நிறம் ஒழுகும், கதாநாயகிக்கு முகம் ஒரு பக்கமும் உதட்டுச் சாயம் ஒரு பக்கமுமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு ஆனதும் அதைப் போட்டுக்கொண்டு உட்காருவாய். சில நாள் நானும் வந்து உட்கார்ந்து கிண்டல் செய்வேன். "அப்பிடி என்னடீ இருக்கு இந்தப் பாம்புல?" என்பேன். படம் முடியப் போகும் நேரத்தில், "போ, போய் சாயாவுக்கு வெள்ளம் வை. நான் தட்டுறேன்," என்று என்னை விரட்டிவிடுவாய். கொஞ்ச நேரத்தில் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாய். நான் இரண்டு டம்ளரோடு வருவேன். வருடக் கணக்கில் நம் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் போனது.

போன வருடம் உனக்கு வாதம் அடித்து, வலது கையும் காலும் பேச்சும் போய், பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். மகள் மங்களூரிலிருந்து ஓடி வந்து உன்னோடு இருந்தாள். எனக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. டாக்டர் சொன்னது புரியவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம் என்றால் அதற்கும் நேரம் குறித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. என்னால் எதை மாற்ற முடியும் என்று தேடினேன். பெட்டி கண்ணில் பட்டது.

நீ திரும்பி வந்தால் ஒற்றைக் கையால்தான் ரிமோட்டை அமுக்க வேண்டும், உன் தாறுமாறான ஃபோல்டருக்குள் நீயே தேடித் திண்டாடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரியம் என்று நினைத்துத்தான் செய்தேன். தமிழ், மலையாளம், இந்தி என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றுக்குள்ளும் அகர வரிசை. ஒவ்வொரு படத்துக்கும் சரியான பெயர், பக்கத்தில் வருடம். டிஸ்க்கில் இடமில்லை. எங்கள் ஆபீஸில் ஒரு சேட்டன் ஒரு டிஸ்க் நிறையப் படம் வைத்திருந்தார், எல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தமான பிரதிகள். உன் கேசட் பிரதிகள் எவையெல்லாம் அவரிடம் நல்லதாக இருந்தனவோ, அவற்றை அழித்துவிட்டு இவற்றை ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் பெட்டி என்னிடம் கேட்டது, நிச்சயமாக அழிக்கவா என்று. எனக்கென்ன சந்தேகம்? ஆமாம், ஆமாம் என்று தட்டிக்கொண்டே போனேன். மொத்தம் முப்பத்தொரு படம். எண்ணி நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். கிளார்க் அல்லவா.

உன்னைக் கட்டிலில் படுக்க வைத்த அன்று, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி நான் டிவியைப் போட்டுக் காட்டினேன். நீ என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாய். ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகள் பரீட்சைக்காக மங்களூர் போயிருந்தாள். நீ இடது கையைத் தூக்கி, விரல்களைச் சேர்த்து, படம் எடுத்து ஆடிக் காட்டினாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பாம்பா? இந்தா, ஒன் பாம்பு," என்று போட்டேன். முதல் தடவையாகக் கதாநாயகியின் மூக்குத்தி தெரிந்தது. "பாத்தியா, எத்தர சுத்தமா இருக்கு," என்றேன். நீ புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாய்.

படம் முடியப் போகும் நேரத்தில் வழக்கம்போல நான் சாயா போட எழுந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். இடது கையில் உனக்கு அத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்னைப் போகவிடவில்லை. உட்கார்ந்தேன். படம் முடிந்தது. எழுத்து ஓடியது. திரை கறுத்து, என்னுடைய அழகான அகர வரிசைப் பட்டியல் வந்து நின்றது. நீ என் கையை உலுக்கினாய்.

"மறுபடியும் போடவா?" என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திராமல் முதலிலிருந்து போட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். தூக்கம் வருகிறது என்று நினைத்துச் சத்தத்தைக் குறைத்தேன். இப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மூன்று தடவையும் மணிக்கட்டைப் பிடித்தாய், மூன்று தடவையும் நான் முதலிலிருந்து போட்டேன். நீ ஒளித்து வைத்திருந்ததை எனக்கும் காட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றிய நேரம் அது.

பரீட்சை முடிந்து மகள் வந்தாள். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலும் கீழும் தேடினாள்.

"ஆன்டி, அம்மாவோட பாம்புப் படம் எவிட?"

"அங்கதான இருக்கு, பாரு. நல்ல காப்பி."

"இதில்ல ஆன்டி. கோடு கோடா இருக்குமே, அது. அதோட கடைசில அப்பா வருவாரு. கொச்சுல, சின்னப் புள்ளயா இருக்கறப்ப, அம்மா ரெண்டு தடவ காட்டுச்சு. நான் ரொம்ப அழுதேன்னு பின்ன காட்டல. ஏதோ சொல்லுவாரு அப்பா, எனக்கு ஓர்மையில்ல."

அந்தப் பெண் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாரமில்ல ஆன்டி, எடுக்கப் பத்தும்," என்றாள். பரவாயில்லை, மீட்டுவிடலாம் என்கிறாள். இரண்டு பேரும் பெட்டியைச் சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் ஏறி எர்ணாகுளம் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். இரண்டு நாள் முயன்று பார்த்தார். மூன்றாம் நாள் போனபோது, சதுரம் சதுரமாகச் சிதறிக் கிடந்த ஏதோ ஒரு பாட்டின் துண்டைக் காட்டினார்.

"வெறும் டிலீட் மட்டும்னா எடுத்துத் தந்திருப்பேன் சேச்சி. இதுல அதுக்கு மேல வேற எழுதியாச்சு."

மேலே வேறு எழுதியாயிற்று. திரும்பி வரும்போது போட்டில் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆபீஸில் ஒரு கணக்கு தப்பினால் சிவப்பு மையால் அடித்துத் திருத்தலாம். அடித்ததற்கு அடியில் பழையது தெரியும். இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. பூஞ்சை பிடித்த கேசட்டுகளை எப்போதோ குப்பை வண்டிக்குக் கொடுத்தாயிற்று. அதையும் நான்தான் மூட்டை கட்டிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் உன் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன், நோட்டில் எழுதி வைத்த முப்பத்தொன்று உட்பட. நீ அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு இடது கையால் உன் நெஞ்சைத் தொட்டாய். இரண்டு தடவை, மூன்று தடவை, தட்டித் தட்டிக் காட்டினாய். முதலில் அழித்தவள் நான்தானே, ஓணத்துக்கு முந்தின வாரம் நான்தானே மேலே எழுதினேன் என்று சொன்னாயா? அல்லது, எனக்கென்று இருந்த ஒன்றைப் போய் அழித்துவிட்டாயே என்று சொன்னாயா? "எதுடீ? எதச் சொல்றே?" என்று கேட்டேன். நீ கையைக் கீழே போட்டுவிட்டாய். ஒன்பதாம் நாள் இரண்டாவது முறை அடித்தது. இந்த முறை ஆஸ்பத்திரி வரை போகவே இல்லை. எதைச் சொன்னாய் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. முதலாவதைத்தான் சொன்னாய் என்று வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் முடிவதில்லை.

இனி, நீ இருந்தபோது சொல்லாதது.

காரியமெல்லாம் முடிந்து, மகளும் மங்களூர் திரும்பி, உன் வீடு பூட்டப்பட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அடுப்படியில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். சாயாவுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். ஆனால் கை போகவில்லை. எதற்கோ காத்திருந்தேன். எதற்கென்று தெரியாமல் நின்றேன். நீ என்னை விரட்டிவிட்டாலும் நான் உடனே தண்ணீர் வைக்க மாட்டேன். சீக்கிரம் வைத்தால் சுண்டிப்போகும். சுவருக்கு அப்பால் பாட்டும் கூத்தும் அடங்கும். பாத்திரம் கழுவும் சத்தம் வரும். பிறகு ஒரு ஆண் குரல் வரும். அந்தக் குரல் வந்தால்தான் அடுப்பைப் பற்ற வைப்பேன். அது கொதிக்கவும் நீ சுவரைத் தட்டவும் சரியாக இருக்கும்.

"ஏ புள்ளே, அங்க என்ன நோக்கிக்கிட்டு நிக்கறே? எல போட்டாச்சு, வாஆ."

வருடக் கணக்காக அதைக் கேட்டு நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். பாம்புப் படத்தில் வருகிற எவனோ என்று நினைத்தேன். ஒற்றைச் செங்கல் சுவர். அந்தக் கரகரப்பும், கடைசி வார்த்தையை இழுக்கிற இழுப்பும் எனக்குத் தெரியாததா? காது கேட்டது, மண்டைக்கு ஏறவில்லை. மகள் வந்து அப்பா ஏதோ சொல்வார் என்றபோதும் ஏறவில்லை. சுத்தமான பிரதியை மூன்று ஞாயிற்றுக்கிழமை உன் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேனே, அதில் அந்தக் குரல் வரவில்லையே என்றும் தோன்றவில்லை. அடுப்படியில் ஈர டம்ளரோடு நின்றபோதுதான் தோன்றியது. உன்னிடம் எல்லாவற்றையும் சொன்ன அன்றைக்கு இது தோன்றியிருந்தால், உன் காதருகே குனிந்து அதை அப்படியே சொல்லியிருப்பேன். உனக்குக் கொடுக்க என்னிடம் அது ஒன்றுதான் மீதியிருந்தது. அதை வைத்துக்கொண்டே, ஒன்றும் இல்லை, ஒன்றும் மிஞ்சவில்லை என்று உன்னிடம் அழுதிருக்கிறேன்.

உடனே மகளுக்குப் போன் செய்தேன். ஹாஸ்டலில் யாரோ எடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். அவளிடம் சொன்னேன். முடிந்தவரை அண்ணனைப் போலவே, இழுத்து, கரகரத்துச் சொன்னேன்.

"ஆன்டி," என்றாள் பிறகு. "ஒண்ணு கூடி சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னேன். அவள் இன்னும் ஒரு தடவை கேட்டாள். நாலாவது தடவை சொன்னபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. அது கொஞ்சம் என் குரலாக ஆகியிருந்தது. பிரதியிலிருந்து பிரதி எடுக்கும்போது நிறம் போகும் என்று நீ சொல்வாயே, அது போல. அவளிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நேற்று பெட்டியைப் போட்டது எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைக்கத்தான். என் அகர வரிசையைக் கலைத்தேன். மழையைத் திரும்ப வைத்தேன், காய்ச்சலை வைத்தேன். எந்தப் படம் எங்கே இருந்தது என்பது பாதிக்கு மேல் நினைவிருந்தது; மீதியை நீயாக இருந்தால் எங்கே போட்டிருப்பாய் என்று யோசித்துப் போட்டேன். துணி மடிக்கும்போது பார்க்கிற படம் எது என்று கண்டுபிடிக்க நிஜமாகவே ஒரு கூடைத் துணியை மடித்துப் பார்த்தேன். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். கடைசியில், நீ வைத்திருந்தது போலவே 'எனக்கு' என்று பெயர் போட்டு ஒரு ஃபோல்டர் திறந்தேன். அதற்குள் வைக்க ஒன்றும் இல்லை. சுத்தமான பாம்புப் படத்தை அதில் போடக் கை வரவில்லை. காலியாகவே இருக்கிறது. ஒழுங்குக்கு ஒவ்வாத அந்த ஒன்றை நான் தொடப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயா நேரத்துக்கு உன் மகள் கூப்பிடுகிறாள். பாடத்தைப் பற்றிச் சொல்வாள், ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டுவாள், கடைசியில் தயங்கித் தயங்கி அதைக் கேட்பாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் தேய்கிறது. சொல்லாமல் இருந்தால் என்னோடு போய்விடும். "இரு மோளே, ஒரு நிமிஷம்," என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு, நீ குடைந்த அந்தச் சுவர் ஓட்டையில் காதை வைத்து நிற்கிறேன். பூட்டிக் கிடக்கிற உன் வீட்டில் ஒன்றும் கேட்பதில்லை. இருந்தாலும், பாத்திரச் சத்தம் அடங்கட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, வந்து சொல்கிறேன்.